நாற்பத்தோராம் வரி

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை.
டொலீடோ நகர நீதிமன்றம், நான்காம் அறை,
கடைசி பெஞ்சு.
இருபத்தாறு வருஷம் பேருந்து ஓட்டிய கைகள் எனக்கு,
மடியில் சும்மா கிடக்கத் தெரியாதவை.
ஒரு மஞ்சள் குறிப்பேடு, இரண்டு பென்சில்.
பேனா கூடாது என்றார் காவலாளி.
ஏன் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

எழுதுவது இவ்வளவுதான்:
பெயரின் முதலெழுத்துகள். வயது.
தோலின் நிறம், என் கண்ணுக்குப் பட்டபடி.
வக்கீல் இருந்தாரா. ஜாமீன் எவ்வளவு.
எத்தனை நொடி.

வெள்ளைப் பையன், கடையில் திருடிய ஹெட்ஃபோன்:
வீட்டுக்குப் போ, தேதிக்கு வா. மூன்று நிமிடம்.
கறுப்புப் பையன், கடையில் திருடிய ஷூ:
ஐயாயிரம் டாலர். ஐம்பது நொடி.
அடுத்த வாரமும் அப்படியே.
அதற்கடுத்த வாரம் ஒரு வெள்ளைப் பையனுக்கும் ஐயாயிரம்.
அதையும் எழுதினேன். கணக்கென்றால் கணக்கு.
ஒரு சோற்றைப் பதம் பார்த்தால் போதாது,
பானையையே எண்ணிக் காட்டு என்கிற ஊர் இது.

ஏழு பேர் நாங்கள்.
ரொசால்பா இரவு ஷிப்ட் முடித்து நேராக வருவாள்,
கண்ணிமையில் மாவு ஒட்டியிருக்கும்.
மருந்துக்கடை நொவிட்ஸ்கி இரண்டு முறை கொள்ளை போனவர்.
"என் நெற்றியில் துப்பாக்கி வைத்தவனுக்கு
அப்புறம் என்ன ஆயிற்று என்று
ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.
அதனால்தான் வருகிறேன்" என்றார்.
அதற்குமேல் நாங்கள் கேட்கவில்லை.

ஒருநாள் நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
"பின்னால் இருப்பவர்கள் யார்?"
"பொதுமக்கள்."
"என்ன எழுதுகிறீர்கள்?"
"நீங்கள் சொல்வதைத்தான், ஐயா."
அன்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்,
எங்கே வேலை, வீட்டில் யார் யார் என்று.
ஜாமீன் இறங்கியது.
மறுவாரம் ஏறிவிட்டது.

மார்ச் மாதம், தேவாலயத்தின் நிலவறை.
அறுநூற்றுப் பன்னிரண்டு வரிகளையும்
மாறி மாறி வாசித்தோம்.
அழைத்திருந்த கவுன்சிலர் ஒரு டோனட் வரைக்கும் இருந்தார்.
நான் ஐம்பதைத் தாண்டியபோது
மூன்றாம் வரிசையில் ஒரு கை உயர்ந்தது.
ஓனீடா ப்ரூயிட், ஆஸ்பத்திரிச் சமையலறைச் சீருடையில்.
"நாற்பத்தொன்று. மறுபடி வாசியுங்கள்."

டி.பி. பத்தொன்பது. கறுப்பு. வக்கீல் இல்லை.
ஐயாயிரம். நாற்பது நொடி.
கதவை இருமுறை திரும்பிப் பார்த்தான்.

கடைசி வரிக்கு எங்கள் படிவத்தில் கட்டமே கிடையாது.
ஏன் எழுதினேன் என்றால்,
இறங்குகிறவரைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான்
கதவை மூடிப் பழக்கம் எனக்கு.

"அன்று எனக்கு லீவு தரவில்லை" என்றாள்.
"இருமுறையா?"
"இருமுறை."
"இருபத்துமூன்று நாள் உள்ளே இருந்தான்.
வேலை போயிற்று. வழக்கு கடைசியில் நிற்கவில்லை.
இப்போது வெளியே காரில்தான் இருக்கிறான்.
உள்ளே வரமாட்டானாம்."

நொவிட்ஸ்கி எழுந்தார்.
இரண்டு கோப்பைக் காப்பியோடு படியேறிப் போனார்.
நாங்கள் தொண்ணூறு வரை வாசித்தோம், நூறு வரை வாசித்தோம்.
நூற்றுநாற்பதில் திரும்பி வந்தார்,
கையில் ஒரு கோப்பை.
என்ன பேசினார்கள் என்று இதுவரை சொல்லவில்லை.

முடிந்தபின் ஓனீடா அந்தத் தாளைக் கேட்டாள்.
கிழித்துத் தர முடியாது,
கிழித்தால் கணக்கில் ஓட்டை விழும்,
அந்த ஓட்டை வழியாகத்தான் அவர்கள் தப்பிப்பார்கள்.
அவளுக்கும் அது தெரிந்திருந்தது.
நாற்காலிகளை மடக்கும் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து
கையாலேயே நகல் எழுதினேன்,
எழுத்து எழுத்தாக.
அந்த நாற்பது நொடியை எழுதி முடிக்க
நாற்பது நொடிக்கு மேல் ஆயிற்று.